டெல்லி ஜனவரிக் குளிரில் பேண்ட் வாசிக்கப் போகும் நம்ம ஊர்ப் பள்ளிகளுக்கு

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் நல்ல பேண்ட் செட் வைத்திருக்கும் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. தேசியப் பள்ளி பேண்ட் போட்டியில் மாநிலச் சுற்று, மண்டலச் சுற்று தாண்டினால் இறுதிச்சுற்று டெல்லியில், அதுவும் குடியரசு தினத்தை ஒட்டிய ஜனவரிக் குளிரில். 2025-ல் ஜனவரி 24, 25 தேதிகளில் மேஜர் தியான்சந்த் மைதானத்தில் நடந்தது. ஆண்கள் பிராஸ் (ட்ரம்பெட் மாதிரிப் பித்தளைக் கருவிகள்), பெண்கள் பிராஸ், ஆண்கள் பைப் (பேக்பைப்), பெண்கள் பைப் என்று நான்கு பிரிவு, ஒவ்வொரு பிரிவிலும் நான்கு மண்டலத்துக்கும் தலா ஓர் அணி, மொத்தம் 16 அணி.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். பேண்ட் செட்டோடு அந்தக் குளிருக்குப் போய் வந்தவன். கிளம்பும் முன் யாரைக் கேட்டாலும் "ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க சார்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். ஸ்வெட்டர் பிள்ளைகளுக்குப் போதும், ட்ரம்பெட்டுக்கும் டிரம்முக்கும் என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை. கடைசியில் ராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார்தான் வந்து எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். லடாக்கில் வாசித்தவர். அவரிடம் கற்றதையும் நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். என்சிசி குடியரசு தின முகாமுக்குப் போகும் பிள்ளைகளின் வீட்டாரும் 3, 6, 7-ஆம் படிகளைப் படித்துக்கொள்ளலாம்.

1. அக்டோபரிலேயே ஆரம்பியுங்கள்

மண்டலச் சுற்றில் ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நேரம் போதாது. நடுவில் அரையாண்டுத் தேர்வு வரும், அப்புறம் பொங்கல் விடுமுறை. பொங்கலுக்குப் பிள்ளைகள் அப்புச்சி ஊர், அத்தை ஊர் என்று போய்விடுவார்கள், பயிற்சி ஒரு வாரம் நின்றுபோகும், திரும்பி வந்தவுடன் ரயில். அதனால் குளிருக்கான வேலைகளை அக்டோபர், நவம்பரிலேயே முடித்துவிட வேண்டும்.

ஆள் தேர்வில் ஒரு யோசனை. 10, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கூடியவரை சேர்க்காதீர்கள். ஜனவரி கடைசியில் திருப்புதல் தேர்வும் அடுத்தே செய்முறைத் தேர்வும் இருக்கும், கடைசி நேரத்தில் பெற்றோர் மனம் மாறினால் அணியே ஆட்டம் காணும். 8, 9, 11 வகுப்புகளில் எடுத்து, மாற்று ஆட்கள் சிலரையும் அதே அளவுக்குத் தயார் செய்து வையுங்கள். அணியில் எத்தனை பேர், எத்தனை நிமிடம் வாசிக்க வேண்டும் என்பதை அந்த வருடச் சுற்றறிக்கையிலேயே பாருங்கள், போன வருடத் தாளை நம்ப வேண்டாம்.

2. காகிதங்கள்

தலைமையாசிரியர் கடிதம், கல்வி அலுவலகத்தின் அனுமதி, உடன் போகும் ஆசிரியர்களுக்குப் பணி ஆணை, பெற்றோர் ஒப்புதல் கடிதம், ஒவ்வொரு பிள்ளைக்கும் போனஃபைடு சான்று, மருத்துவச் சான்று, ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ பத்து. பெண்கள் அணி என்றால் ஆசிரியை கட்டாயம். பள்ளிக் கடிதங்களைத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு விதமாக எடுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் கடிதத்தை வைத்துக்கொண்டு டெல்லியில் வாசல் காவலரிடம் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் இனிஷியல். பள்ளிப் பதிவேட்டில் "எஸ். கவின்", ஆதாரில் "கவின் சிவக்குமார்", ரயில் டிக்கெட்டில் "கவின் எஸ்". நமக்கு மூன்றும் ஒரே பையன், குடியரசு தின வாரத்தில் டெல்லியில் பட்டியலைச் சரிபார்ப்பவருக்கு மூன்று பேர். அங்கே படிவங்களில் கடைசிப் பெயர் என்று தனிக் கட்டம் வேறு இருக்கும். ஆதாரில் என்ன இருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் எல்லாத் தாளிலும் போடுங்கள். ஆதாரில் பிழை இருந்தால் அக்டோபரிலேயே திருத்தக் கொடுத்துவிடுங்கள்.

கருவிகளுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். எந்தக் கருவி, எத்தனை, கம்பெனி பெயர், எண், பள்ளி முத்திரை. சோதனைச் சாவடியில் பேஸ் டிரம்மைத் திறந்து காட்டச் சொல்வார்கள், இந்தத் தாள் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். எல்லாவற்றிலும் நான்கு செட் நகல், ஒரு செட் போனில் ஸ்கேன்.

3. ரயில்

நம்ம பக்கத்திலிருந்து கேரளா எக்ஸ்பிரஸ் தினமும் உண்டு, கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நான்கிலும் நிற்கும், இரண்டு இரவுப் பயணம். கொங்கு எக்ஸ்பிரஸ் கோவையிலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீன் வரை, வாரம் ஒருமுறைதான்.

முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரி மூன்றாம் வாரப் பயணத்துக்கு நவம்பர் மூன்றாம் வாரம். அப்போது மண்டல முடிவு வந்திருக்காமல் போகலாம். துணிந்து போட்டுவிடுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் ஆளுக்கு ஸ்லீப்பரில் 120 ரூபாய், மூன்றடுக்கு ஏசியில் 180 ரூபாயும் வரியும் பிடித்தார்கள். முப்பது பேர் காத்திருப்புப் பட்டியலில் தொங்குவதற்கு இது எவ்வளவோ மேல். ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான் போட முடியும் என்பதால் மொத்தக் குழுவுக்குச் சேர்த்து எடுக்கப் பள்ளிக் கடிதத்தோடு முன்பதிவு மேற்பார்வையாளரை முந்தின வாரமே பார்த்துவிடுங்கள். நம்ம ஸ்டேஷன்கள் சேலம் கோட்டத்தில் வருகின்றன, பெரிய குழுவுக்கு அங்கே வணிகப் பிரிவு வரை கடிதம் போக வேண்டியிருக்கும். மாணவர் சலுகை கேட்பதாக இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன்பே கவுண்டரில் கேளுங்கள், எடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை. ஒரு பிள்ளைக்குப் பதில் இன்னொரு பிள்ளையின் பெயரைப் போடத் தலைமையாசிரியர் கடிதம் போதும், ஆனால் 48 மணி நேரத்துக்கு முன், ஒரே ஒரு முறை, குழுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கிடையாது.

ஸ்லீப்பரா ஏசியா என்று பெற்றோர் கூட்டத்தில் நிச்சயம் பேச்சு வரும். போகும்போதாவது மூன்றடுக்கு ஏசியில் போங்கள். நாக்பூர் தாண்டினால் இரவில் ஸ்லீப்பர் ஜன்னல் இடுக்கில் வரும் காற்று தொண்டையைப் பிடித்துவிடும், ஊதுகிற பிள்ளைக்குத் தொண்டை போனால் நாம் போவதில் அர்த்தமில்லை.

இன்னும் இரண்டு சிக்கல்கள். வடக்கே மூடுபனியில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், ஒத்திகைக்கு இரண்டு முழு நாள் முன்பே டெல்லியில் இறங்குகிற மாதிரி போடுங்கள். அப்புறம் பெரிய கருவிகள். ரயில் பெட்டிக்குள் கொண்டுபோகும் டிரங்குப் பெட்டிக்கு 100 செ.மீ. நீளம், 60 அகலம், 25 உயரம் என்று அளவு இருக்கிறது, பேஸ் டிரம்மும், உடம்பைச் சுற்றி மாட்டி ஊதும் பெரிய சூசஃபோனும் இதில் அடங்காது. பார்சலில் போட்டுவிடலாம் என்று நினைப்போம். ஆனால் ஜனவரி 26-க்கு முந்தைய சில நாட்கள் பாதுகாப்புக் காரணமாக டெல்லி ஸ்டேஷன்களில் பார்சல் ஏற்றி இறக்குவதை நிறுத்திவைப்பது வழக்கம். பார்சல் என்றால் ஒரு வாரம் முன்பே போய்ச் சேர்கிற மாதிரி அனுப்புங்கள், திரும்பும் பார்சலை 26 கழிந்தபின் வையுங்கள். கருவி வைக்கும் கேஸ் மேல் சென்னிமலைப் போர்வையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினால் அடியும் படாது, டெல்லியில் அதே போர்வை பிள்ளைகளுக்கும் ஆகும்.

4. கருவிகள்: இதில்தான் முழுக் கவனமும் வேண்டும்

நம்ம ஊரில் 30, 35 டிகிரியில் சுதி சேர்த்துப் பழகிய கருவி டெல்லியின் காலை 5 டிகிரியில் வேறு கருவியாகிவிடும். 35 டிகிரியில் ஒலி நொடிக்கு 352 மீட்டர் போகிறது, 5 டிகிரியில் 334 மீட்டர்தான். குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுதி இறங்கும். வாய்க்காற்றின் சூடு கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், ஆனாலும் இறக்கம் காதுக்கு நன்றாகத் தெரியும். நம்ம பிள்ளைகள் வெயிலுக்காக ட்யூனிங் ஸ்லைடை (குழாய் நீளத்தை மாற்றிச் சுதி சேர்க்கும் பகுதி) வெளியே இழுத்து வைத்தே பழகியவர்கள், அங்கே உள்ளே தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளலாம், உள்ளே தள்ள இடம் இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள். துருவேறி நகராத ஸ்லைடு இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள்.

பெல் லைரா (குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி) வைத்திருக்கும் செட்டுக்குக் கூடுதல் கவனம். அதன் உலோகப் பட்டைகள் குளிரில் சுதி இறங்காது, இம்மியளவு ஏறத்தான் செய்யும். பிராஸ் இறங்க, பெல் அங்கேயே நிற்க, இரண்டுக்கும் இடைவெளி பெரிதாகத் தெரியும். எனவே எல்லாரும் பெல்லுக்கு ஏற்பச் சுதி சேர்க்க வேண்டும். சூடான அறையில் சுதி சேர்த்துவிட்டு மைதானத்துக்கு வந்தால் கால் மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். வெளியே நிறுத்தி, சத்தம் வராமல் குழாய்க்குள் வெறும் வாய்க்காற்றை நாலைந்து நிமிடம் ஊதச் சொல்லி, அதன் பிறகே சுதி சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, பிராஸ் கருவியில் விரலால் அழுத்தும் வால்வுக்கு எண்ணெய். நம்ம பக்கம் அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் சில பேண்ட் மாஸ்டர்களுக்கு உண்டு. காங்கயம், பொள்ளாச்சி எண்ணெய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும், டெல்லி காலையில் வால்வு அப்படியே ஒட்டிக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். இசைக்கருவிக் கடையில் கிடைக்கும் மெல்லிய செயற்கை வால்வு எண்ணெய்தான். அதை விடும் முன் வால்வைக் கழற்றி வெந்நீர் சோப்பில் கழுவிப் பழைய பிசுக்கை எடுத்துவிடுங்கள், பழையதன் மேல் புதியது போட்டால் வேலை செய்யாது.

உதடு வைத்து ஊதும் மவுத்பீஸ் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும், உடம்புச் சூட்டோடு. ஊதும் நேரம் வந்ததும் எடுத்து மாட்டினால் போதும். குளிர்ந்த உலோகம் உதட்டில் பட்டால் உதடு மரத்துப்போய் மேல் ஸ்வரம் வராது. வாஸ்லைனை இரவில் தடவட்டும், வாசிக்கும் முன் தடவினால் வழுக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போகிற லடாக் மாதிரி இடங்களில் வால்வுக்குள் இருக்கும் ஈரமே உறைந்துவிடும், கட்டளை வரும்வரை கருவியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டுதான் நிற்போம் என்று ஹவில்தார் சொன்னார். அமெரிக்காவில் 1985 ஜனவரி 21 அன்று அதிபர் பதவியேற்பு அணிவகுப்பையே குளிர் அதிகம் என்று ரத்து செய்தார்கள், வாஷிங்டனில் அன்று நண்பகலில் மைனஸ் 14 டிகிரி. டெல்லி அந்த அளவுக்குப் போகாது. ஆனால் 2021 ஜனவரி 1 அன்று டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது, அதை மனதில் வைத்துத் தயாராகுங்கள்.

கிளாரினெட் மரத்தாலானது என்றால் எடுத்துப் போகாதீர்கள். உள்ளே வாய்க்காற்றின் சூடு, வெளியே குளிர், மரம் வெடித்துவிடும். பிளாஸ்டிக் கிளாரினெட் போதும், வெட்டவெளியில் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பேக்பைப்பில் விரல் வைத்து வாசிக்கும் குழலான சான்டருக்கும் இதே விதி. ரீடு (ஊதினால் அதிரும் சின்னப் பட்டை) ஆளுக்குக் குறைந்தது மூன்று கையில் இருக்கட்டும். சாக்ஸபோனில் துளைகளை மூடும் பேடுகள் ஈரத்தில் ஒட்டும், மெல்லிய ஒற்றுத்தாள் வைத்திருங்கள். குழாய்க்குள் தண்ணீர் இங்கே சேர்வதைவிட வேகமாகச் சேரும், பாட்டு முடிந்தவுடன் வாட்டர் கீயைத் திறந்து வடிக்கிற பழக்கம் எல்லாருக்கும் வர வேண்டும்.

டிரம்முக்குத் தோல் மூடி இருந்தால் மூடுபனி ஈரத்தில் தளர்ந்து தொப்பென்று கேட்கும். பிளாஸ்டிக் மூடிக்கு மாற்றுங்கள், காலையில் மைதானத்திலேயே சாவி வைத்து இழுத்துப் பாருங்கள், சாவி இரண்டு கொண்டுபோங்கள். அங்கே போய் ஏதாவது உடைந்தால், பேண்ட் கருவிகளுக்குப் பெயர்போன மீரட் நகரின் ஜாலி கோட்டி பகுதி டெல்லியிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ.தான், ஒருவரைக் காலையில் அனுப்பினால் மாலைக்குள் வாங்கி வந்துவிடலாம்.

5. குளிர் ஒத்திகை

முதலில் வீட்டு ஃபிரிட்ஜ். உள்ளே ஏறக்குறைய 4 டிகிரி, டெல்லி விடியற்காலைக்குச் சமம். உங்களிடம் இருக்கும் எண்ணெய்களைச் சின்னக் குப்பிகளில் இரவு முழுக்க வையுங்கள், காலையில் எது கெட்டியாகிறது என்று தெரிந்துவிடும். மவுத்பீஸையும் வைத்து எடுத்துப் பிள்ளைகளை ஊதச் சொல்லுங்கள். செலவே இல்லாத சோதனை, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முடிந்தால் டிசம்பரில் ஒரு சனி, ஞாயிறு ஊட்டி. தலைக்குந்தா பக்கம் உறைபனி விழுகிற காலம் அது. ஏதாவது பள்ளி மைதானத்துக்கு அனுமதி வாங்கி, காலை ஆறரைக்கு முழு உடுப்பில், முழு நிகழ்ச்சியையும் இரண்டு முறை. எங்கள் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு விரல் நகரவில்லை, அது அங்கே தெரிந்ததால்தான் கையுறையை மாற்றினோம். நீலகிரிக்குள் போகும் வண்டிக்கு இ-பாஸ் எடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோக வேண்டாம். திரும்பும் முன் திபெத்தியர் மார்க்கெட்டில் கம்பளிக் காலுறை, குல்லா வாங்கிக்கொள்ளலாம்.

6. உடுப்பு

யூனிஃபார்ம் தைக்கும் முன் தெர்மல் வாங்குங்கள், தெர்மலைப் போட வைத்து அதன் மேல் அளவெடுக்கச் சொல்லுங்கள். டெய்லர் நம்ம ஊர் உடம்புக்குச் சிக்கென்று தைத்துவிட்டால் உள்ளே எதுவும் போட முடியாது, மேலே ஸ்வெட்டர் போட்டால் அணிவகுப்பு அழகு போய்விடும். தெர்மல் முழுப் பருத்தியாக வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிர்விக்கும். பாலியஸ்டர் அல்லது கம்பளி கலந்தது எடுங்கள். திருப்பூர் காதர்பேட்டையில் மொத்தமாகக் கேட்டால் விலை குறையும். ஆளுக்கு இரண்டு செட்.

ஷூ அரை சைஸ் பெரிதாக. கம்பளிக் காலுறை உள்ளே போன பிறகும் விரல் அசைய இடம் வேண்டும், இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சில்லிடும். வெள்ளைக் கையுறை பிராஸ், டிரம் பிள்ளைகளுக்கு மெல்லிய கம்பளியில், கிளாரினெட், சாக்ஸ், பைப் பிள்ளைகளுக்கு விரல் நுனி வெட்டியது. விதிமுறையில் இதற்குத் தடை இருக்கிறதா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. டெல்லியில்

தங்குமிடத்தில் கல் தரையாக இருக்கும். பவானி ஜமக்காளம் இரண்டு கொண்டுபோனோம், ஒன்று பிள்ளைகள் உட்கார, ஒன்று கருவிக்கு. கருவியை இரவில் கேஸை மூடி, ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள்.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். குளிருக்காக யாராவது கரி அடுப்பைக் கொண்டுவந்து அறைக்குள் வைத்தால் உடனே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மூடிய அறையில் அதிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு தூக்கத்திலேயே உயிரை எடுக்கும், வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிச் சாகிறார்கள். வெந்நீருக்கு வாளியில் போடும் ராடு பிள்ளைகள் கையில் போகக் கூடாது.

"பையனுக்கு வீசிங் இருக்குதுங்க, பரவாயில்லைங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்வி. ஜனவரியில் டெல்லிக் காற்று மோசமாக இருக்கும், குளிரும் சேர்ந்தால் மூச்சிரைப்பு வரும். டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் இரண்டு, ஒன்று பையன் பையில், ஒன்று ஆசிரியர் பையில். ஊதும் கருவி வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் டிரம்முக்கு மாற்றுங்கள், மறைத்து அனுப்பச் சொல்லாதீர்கள்.

மைதானத்தில் உங்கள் முறைக்கு முன் ஒரு மணி நேரமாவது நிற்க வைப்பார்கள். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு நின்றால் மயங்கி விழுவார்கள், குளிரில் பசி தெரியாமல் சாப்பிடாமல் வந்துவிடுவார்கள், நின்று பார்த்துச் சாப்பிட வையுங்கள். முழங்காலைப் பூட்டாமல் கொஞ்சம் தளர்வாக நிற்கவும், ஷூவுக்குள் கால்விரலை ஆட்டிக்கொண்டே இருக்கவும் பழக்குங்கள். தண்ணீர் தாகமே எடுக்காது, ஆனாலும் ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் ஆளுக்கு அரை டம்ளர். டீ வேண்டாம், கழிப்பறை தூரம். கடைசி ஐந்து நிமிடத்தில் சால்வைகளை வாங்கி மடித்து வைக்க ஓர் ஆள் தனியாக இருக்க வேண்டும். வரிசையில் நுழைந்தபின் மாஸ்டரும் நாமும் ஒன்றும் செய்ய முடியாது.

8. செலவும் திரும்பி வந்த பிறகும்

முப்பது பிள்ளைகள், நான்கு பெரியவர்கள் என்றால் மூன்றடுக்கு ஏசியில் போய்வர ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி வரும், ஸ்லீப்பர் என்றால் பாதிக்கும் குறைவு. தெர்மல், காலுறை, கையுறை ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு வைத்துக்கொள்ளுங்கள். டிரம் மூடி, எண்ணெய், ரீடு, ஊட்டி வேன் தனி. எந்தச் செலவை யார் தருவார்கள் என்பதைச் சுற்றறிக்கையில் பார்த்து, தெளிவாக இல்லாததை எழுதிக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம், முன்னாள் மாணவர், ரோட்டரி, அரிமா சங்கம் என்று கேட்கும்போது பணமாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பெற்றோர் ஒருவரே மொத்தத் தெர்மலையும் கொடுத்துவிடலாம். அரசுப் பணம் வருவதாக இருந்தால் பின்னால்தான் வரும், அதனால் எல்லா பில்லும் பள்ளிப் பெயரில், தேதியோடு, ஒரே கவரில்.

ஊருக்கு வந்ததும் கேஸை உடனே திறக்காதீர்கள். ஏசி பெட்டியின் குளிரோடு இருக்கும் உலோகத்தில் நம்ம ஊர்க் காற்று பட்டவுடன் உள்ளும் புறமும் வியர்த்துவிடும். மூடியபடியே நிழலில் அரை நாள், அப்புறம் திறந்து, வால்வைக் கழற்றித் துடைத்து, புதிய எண்ணெய். டிரம் மூடிகளைத் தளர்த்துங்கள். ட்யூனிங் ஸ்லைடுகளைப் பழைய அளவுக்கு இழுத்துவிட்டு, கருவிப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கி, பில் கவரை அந்த வாரமே அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.